மலை அடிவாரத்தில் ஏ.சி.! மொத்தச் செலவு எவ்வளவு?

"மலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள். உங்களுக்கு எதற்கு ஏ.சி.?"

வடக்கனந்தல்காரர் யாராவது ஏ.சி. வாங்கப் போகிறேன் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

அவர்கள் கேட்பதிலும் தவறு இல்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வடக்கனந்தல். பக்கத்திலே கோமுகி அணை. கண்ணுக்கு எதிரே நீலமாக மலை. வழியெல்லாம் கரும்பு, நெல், மரவள்ளி. பார்க்கிறவர்களுக்குக் குளுகுளு ஊர் என்றுதான் தோன்றும்.

ஆனால், கத்தரி வெயில் காலத்தில் ஒரு நாள் இரவு அங்கே தங்கிப் பாருங்கள்! மின்விசிறி சுற்றும். வருவது காற்று அல்ல, அனல்! பாய் சுடும். தலையணை சுடும். சுவரைத் தொட்டால் அதுவும் சுடும்.

மலை பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி?

மலையில் குளிர், அடியில் வெயில்

குளிர்ச்சியைக் கொடுப்பது உயரம். ஆயிரம் மீட்டர், அதாவது சுமார் 3,300 அடி மேலே ஏறினால், வெப்பம் ஏறக்குறைய 6½ டிகிரி குறையும். இது பொதுக் கணக்கு.

சின்னக் கல்வராயன் மலை சுமார் 2,700 அடி உயரம். பெரிய கல்வராயன் மலை சுமார் 4,000 அடி. அதனால் மேலே இருக்கிறவர்களுக்குக் குளிர்ச்சி கிடைக்கிறது. கீழே இருக்கிறவர்களுக்கு மலையைப் பார்க்கிற சந்தோஷம் மட்டும்தான்! வெயில் என்னவோ சமவெளி வெயில்தான்.

மேலே இருக்கிறவர்களும் இனி நிம்மதியாக இருக்க முடியாது போலிருக்கிறது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி வெயில் அடித்தது. ஊட்டிக்கு அது பெரிய வெயில்!

அம்மாவுக்குத் தூக்கம் இல்லை

கணக்குப் பார்ப்பதற்காக, வடக்கனந்தலில் ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கூடவே கணவனின் தாயார். அவருக்கு வயது 72. கான்கிரீட் வீடு. மேலே மாடி வீடு கிடையாது, மொட்டை மாடிதான். படுக்கை அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி.

"ஏம்பா, ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை" என்கிறாள் தாயார்.

"என்னங்க, போன வருஷம் அத்தைக்கு மயக்கம் வந்ததே, மறந்துட்டீங்களா?" என்கிறாள் மனைவி.

மகன் மறக்கவில்லை. கரும்பு வெட்டிய பணம் கையில் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். பிள்ளைகளுக்குப் பணம் கட்டவேண்டும். அடுத்த நடவுக்கும் வேண்டும்.

அவன் கடைக்குப் போகிறான். கடைக்காரர் சிரித்த முகத்தோடு சொல்கிறார்: "34 ஆயிரம்தான், அண்ணே! நாளைக்கே மாட்டிடலாம்!"

அந்தத் "தான்" என்ற சொல்லில்தான் இருக்கிறது சங்கதி! 34 ஆயிரம் என்பது மெஷின் விலை. ஏ.சி.யின் விலை அதுவல்ல. எப்படி என்று பார்ப்போம். அதற்கு முன்பு, இது ஆடம்பரமா, அவசியமா என்று ஒரு வார்த்தை.

குளிர் நாட்டிலே நடந்த கொடுமை

கனடா என்றால் என்ன நினைவுக்கு வரும்? பனி! அங்கே வீடு கட்டுகிறவர்கள், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாதபடிதான் கட்டுவார்கள். அந்த நாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பல வீடுகளில் ஏ.சி. கிடையாது. "நமக்கு எதற்கு?" என்று இருந்துவிட்டார்கள்.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே வெயில் கொளுத்தியது. ஜூன் 29-ந் தேதி லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி! அந்த வெயில் அலையில் அந்த மாகாணத்தில் மட்டும் 619 பேர் இறந்தார்கள்.

அவர்கள் நடுரோட்டில் வெயிலில் நின்று சாகவில்லை. நூற்றுக்கு 98 பேர் கட்டிடத்துக்குள்ளே இருந்தவர்கள்! மூன்றில் இரண்டு பங்குப் பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். சூட்டைத் தடுக்கவேண்டிய வீடே சூளையாகி விட்டது.

அதன் பிறகு அந்த மாகாண அரசு விழித்துக் கொண்டது. வெயிலைத் தாங்க முடியாத உடல்நிலை கொண்ட ஏழைகளுக்கு 8,000 ஏ.சி. மெஷின்களை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2023-ல் அறிவித்தது.

இங்கிலாந்தும் தப்பவில்லை. 2022-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி அங்கே முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது.

தமிழ்நாட்டிலும் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் அரசு அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொல்லப்பட்டது. புயல், வெள்ளம் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு விட்டது.

ஆகவே, 72 வயதுத் தாயாருக்காக ஏ.சி. பற்றி யோசிப்பது ஆடம்பரம் அல்ல. ஆனால் கணக்குப் பார்க்காமல் வாங்கினால், மெஷின் சுவரில் இருக்கும். பில்லுக்குப் பயந்து அதை அணைத்துவிட்டு, தாயார் பழையபடி வியர்த்துக் கொண்டிருப்பார்!

ஊற்றை அடைக்காமல் இறைப்பதா?

ஏ.சி. மெஷின் குளிரை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவ்வளவுதான்.

ஊசி போடுவதற்கு முன்பு நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார். சில்லென்று இருக்கும். ஏன்? ஸ்பிரிட் ஆவியாகப் போகும்போது, தோலில் இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.சி.யிலும் அதே வேலைதான். குழாய்க்குள் இருக்கும் திரவம் அறைக்குள்ளே ஆவியாகிறது. சூட்டை எடுத்துக் கொள்கிறது. வெளியே இருக்கும் பெட்டியில் கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. அங்கே அது சூட்டைக் கக்கிவிட்டு, மறுபடியும் திரவமாகி உள்ளே வருகிறது. ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கிறதே, அது உங்கள் அறையின் சூடுதான்! (கூடவே மெஷின் ஓடுகிற சூடும்.)

கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலத்தான் இது. ஊற்று ஊறிக்கொண்டே இருந்தால், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுக்குள் சூடு ஊறும் ஊற்று எது தெரியுமா?

மொட்டை மாடி!

பகல் முழுவதும் கான்கிரீட் வெயிலைக் குடிக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு, குடித்த சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குகிறது. அதனால்தான் வெளியே காற்று ஆறிய பிறகும் அறைக்குள் வேகிறது.

ஆகவே முதல் செலவு கடையில் அல்ல; மாடியில்!

மொட்டை மாடிக்குப் பளிச்சென்று வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு அடித்தாலும் சரி, வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாலும் சரி. கறுப்பு வெயிலை வாங்கும். வெள்ளை திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்கவேண்டும். வசதி இருந்தால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிக்கலாம். நம் பாட்டன், பூட்டன் காலத்து முறை அது.

இது ஏழைகளின் வேலை என்று நினைக்கவேண்டாம். குஜராத்தில் அகமதாபாத் நகரம் 2010-ல் கொடிய வெயிலைப் பார்த்தது. 2013-ல் வெயிலைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தது. பிறகு குடிசைப் பகுதிகளில் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். தெலுங்கானா அரசு 2023-ல் "குளிர்ந்த கூரை"க்கு என்றே ஒரு கொள்கையை வெளியிட்டது!

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி. கதவு இடுக்கில் காற்றுப் போகாமல் ஒரு கால்மிதி. இவ்வளவும் செய்த பிறகு, சில வீடுகளில் ஏ.சி.யே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம். வேண்டும் என்றாலும் சின்ன மெஷின் போதும்.

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைக்கு, கீழே உள்கூரை போடாமல் ஏ.சி. மாட்டாதீர்கள். அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை!

"டன்" என்றால் என்ன?

கடையில் "1 டன் வேண்டுமா, 1½ டன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். மெஷினின் எடை என்று நினைத்துவிடாதீர்கள்!

ஏ.சி. பிறப்பதற்கு முன்பு, ஐஸ் கட்டிதான் குளிர்ச்சி தந்தது. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி கல்கத்தாவுக்கு வந்தது! அனுப்பியவர் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. பிறகு சென்னைக் கடற்கரையில் ஐஸ் கட்டிகளை வைப்பதற்கு ஒரு கட்டிடம் எழும்பியது. அந்த "ஐஸ் ஹவுஸ்"தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை இழுக்கும் மெஷின் "1 டன்" மெஷின். ஐஸ் போய்விட்டது, கணக்கு நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை! இன்றைய ஏ.சி.க்கு வழி வகுத்தவர் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்க என்ஜினீயர். ஆண்டு 1902. எதற்காகச் செய்தார்? மனிதர்களுக்காக அல்ல, காகிதத்துக்காக! நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பியது, சுருங்கியது. வர்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அந்த ஈரத்தை அடக்கத்தான் அந்த மெஷின் வந்தது. ஏ.சி. ஓடும்போது குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறதே, அது காற்றிலிருந்து பிரிந்த ஈரம்தான்.

நம் குடும்பத்தின் அறை 120 சதுர அடி. மாடிக்கு வெள்ளை அடித்துவிட்டால், பொதுவாக இந்த அறைக்கு 1 டன் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய மெஷினை வாங்கினால், விலையும் கூடும், கரண்டும் கூடும்.

34 ஆயிரம் எப்படி வளர்ந்தது?

இப்போது செலவுக் கணக்கு. கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு தொகை மாறும். ஆனால் எந்த வீட்டிலும் இந்தத் தலைப்புகளை மறக்கக் கூடாது.

மெஷின் விலை (1 டன், இன்வெர்ட்டர்) - ரூ.34,000

மாட்டுகிற கூலி - ரூ.1,500

வெளிப்பெட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு - ரூ.800

கூடுதல் செம்புக் குழாய் 2 மீட்டர் - ரூ.1,800

தனி ஒயர், பிளக், டிரிப்பர் சுவிட்ச் - ரூ.3,500

எர்த் போட - ரூ.1,500

ஸ்டெபிலைசர் - ரூ.2,500

மொத்தம் - ரூ.45,600

பார்த்தீர்களா? "34 ஆயிரம்தான்" என்றது 45,600 ஆகிவிட்டது! கூடியது மட்டும் 11,600 ரூபாய். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணத்தில் கைவைக்கும் தொகை இது.

இதில் எதையாவது விட்டுவிடலாமா? ஒயரிலும் எர்த்திலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மின்விசிறிக்குப் போட்ட மெல்லிய ஒயரில் ஏ.சி.யை ஓட்டினால், ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்குத் தனி ஒயர் வரவேண்டும்.

ஸ்டெபிலைசர் எல்லோருக்கும் வேண்டும் என்பதில்லை. சில மெஷின்கள் குறைந்த ஓல்டேஜைத் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்று கடையில் கேளுங்கள். உங்கள் தெருவில் மாலை வேளையில் எவ்வளவு ஓல்டேஜ் இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளிப்பெட்டியை அறைக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டினால், கூடுதல் குழாய்ச் செலவு இல்லை. நிழலான இடமாக, காற்றோட்டமாக இருக்கட்டும். உங்கள் வீட்டு மின் இணைப்பு எத்தனை கிலோவாட் சுமைக்கு அனுமதி பெற்றது என்று மின் வாரிய அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். போதாது என்றால் கூடுதல் சுமைக்கு மனுக் கொடுத்துப் பணம் கட்டவேண்டி வரும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. வரி முன்பு நூற்றுக்கு 28 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ரூபாயாகக் குறைந்தது. வரி சேராமல் 28 ஆயிரம் ரூபாய் விலையுள்ள மெஷினில் இதனால் 2,800 ரூபாய் மிச்சம். பில் வாங்கும்போது வரி எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தவணையில் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "எல்லாத் தவணையும் கட்டி முடித்தால், மொத்தம் எவ்வளவு?" வட்டி இல்லை என்பார்கள். "பைல் சார்ஜ்" என்று ஒன்று மூலையில் ஒளிந்திருக்கும்!

இரண்டு மணி நேரத்தின் விலை

வாங்குவது ஒரு நாள் செலவு. கரண்டு பில் தொடர் செலவு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

நம் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி கணக்குப் போடுவோம். அதன் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. ஆனால் கணக்குப் போடும் முறையைப் புரிந்துகொள்ள இது போதும்.

அந்தக் கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.25. அடுத்த 200-க்கு ரூ.4.50. அதற்கடுத்த 100-க்கு 6 ரூபாய்.

280 யூனிட்டுக்கு நம் குடும்பம் கட்டியது 585 ரூபாய்.

500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். அது மட்டும் அல்ல! ரூ.2.25 என்ற சலுகை விலையும் போய்விடும். 101-வது யூனிட்டிலிருந்தே ரூ.4.50 போடுவார்கள். 500 யூனிட்டுக்கு ரூ.1,725. 501 யூனிட்டுக்கு ரூ.1,958! ஒரே ஒரு யூனிட். 233 ரூபாய் வித்தியாசம்!

இப்போது ஏ.சி.யைச் சேர்ப்போம். கடும் வெயில் காலத்தில் மணிக்கு 0.6 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரவு 8 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 288 யூனிட். பழைய 280-ஐச் சேர்த்தால் 568. பில் தொகை ரூ.2,494.

இரவு 6 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 216 யூனிட். பழையதைச் சேர்த்தால் 496. பில் தொகை ரூ.1,701.

இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் பில்லில் 793 ரூபாய் வித்தியாசம்!

படுக்கும்போது போட்டு, விடியற்காலையில் தானாக நிற்கும்படி டைமர் வைத்துவிட்டால் போதும். வெளியே காற்று ஆறியிருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். ஆனால் அனல் அடங்காத நாட்களில், வயதானவர்களுக்கோ கைக்குழந்தைக்கோ உடம்பு முடியவில்லை என்றால், பில்லைப் பார்க்காதீர்கள். ஓடட்டும்.

நட்சத்திரத்தைப் பாருங்கள்

மெஷின் மேல் நட்சத்திர லேபிள் ஒட்டியிருக்கும். எரிசக்திச் சிக்கனத்துக்கென்று மத்திய அரசு அமைத்த நிறுவனம் கொடுக்கிற மதிப்பெண் அது. நட்சத்திரம் கூடினால் கரண்டு குறையும், விலை கூடும். ஆண்டில் நாலு மாதம், இரவில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு 3 நட்சத்திரமே கட்டுபடியாகலாம். பகலிலும் ஓட்டுகிற வீட்டுக்கு 5 நட்சத்திரம் லாபம்.

லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு. இரண்டு மெஷின்களை ஒப்பிட அந்த எண் மிகவும் உதவும். லேபிள் எந்த ஆண்டுக்கு உரியது என்றும் பாருங்கள். சட்டதிட்டம் இறுகும்போது, பழைய 5 நட்சத்திரம் புதிய கணக்கில் 4 ஆகிவிடும்!

2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர லேபிள் போட்ட ஏ.சி.யை அழுத்தியவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று விதி வந்தது. 18-க்குக் கொண்டுபோனால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைப்பது தவறு. குளிரும் வேகம் பெரும்பாலும் ஒன்றுதான்; கரண்டுதான் கூடும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் நூற்றுக்கு 6 பங்கு கரண்டு மிச்சமாகும். 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். சுகமாக இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். இதற்கு மெக்கானிக் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையே செய்யலாம். தூசி அடைத்த மெஷின் கரண்டைத் தின்னும். கேஸ் வேலையை மட்டும் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். இப்போது வரும் பல மெஷின்களில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் தீப்பற்றக் கூடியது.

மாதத்துக்கு எவ்வளவு ஆயிற்று?

முழுக் கணக்கையும் கூட்டிவிடுவோம்.

மெஷின் பத்து ஆண்டு உழைக்கிறது என்று வைத்தால், 45,600 ரூபாயில் ஆண்டுக்கு ரூ.4,560.

இரவு 6 மணி நேரம் ஓட்டினால், ஒரு பில்லுக்குக் கூடுதல் ரூ.1,116. கோடையில் இரண்டு பில்லுக்கு ரூ.2,232.

ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ், ரூ.800 என்று வைப்போம்.

மொத்தம் ஆண்டுக்கு ரூ.7,592. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 633 ரூபாய்.

இதுதான் அந்தக் குடும்பத்துக்கு ஏ.சி.யின் உண்மையான விலை. கடைக்காரர் சொன்ன 34 ஆயிரமும் அல்ல. விளம்பரத்தில் வரும் தவணைத் தொகையும் அல்ல.

மாதம் 633 ரூபாய் நம்மால் முடியுமா? முடியும் என்றால் வாங்கலாம். முடியாது என்றால், இந்த ஆண்டு மாடிக்கு வெள்ளையும் ஜன்னலுக்குத் தட்டியும். அடுத்த கரும்புப் பணத்தில் மெஷின். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நம் கதையில் வரும் மகன் என்ன செய்கிறான்? கடையில் முன்பணம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பழைய பில்களை எடுத்துவைத்து, மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குச் சுண்ணாம்பு. எலெக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் மெஷின் வருகிறது. அதுவும் தாயார் படுக்கும் அறைக்கு. பிள்ளைகளும் பாட்டியோடு அங்கேயே பாய் விரிக்கிறார்கள். ஒரு மெஷின், ஐந்து பேருக்குத் தூக்கம்!

"எனக்காக எதுக்குப்பா இவ்வளவு செலவு?" என்கிறாள் தாயார்.

"கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்கேன். நீ படும்மா" என்கிறான் மகன்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் ஏ.சி. பேச்சு நடக்கிறதா? கடைக்குப் போவதற்கு முன்பு இரண்டு காரியம் செய்யுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், தரையில் கையை வைத்துப் பாருங்கள். பிறகு கீழே வந்து, போன கோடையின் கரண்டு பில்லை எடுத்துப் பாருங்கள்.

கடைக்காரர் சொல்லாத விலையை அந்த இரண்டும் சொல்லிவிடும்!